வெள்ளைக்காரன் விளையாட்டா?

பொத்துவிலை அடுத்த அறுகம்குடாவில் அலைச்சறுக்குப் பருவம் தொடங்கும் மே மாதத்தில் அலைகள் பெரும்பாலும் சிறியவை. பலகைகளை மாற்றி மாற்றிப் பரீட்சித்துப் பார்க்க ஏற்ற காலம் அதுவே. ஒன்பதடி மென்பலகை புதியவரைத் தாங்கும். ஆறடிக் குறும்பலகை அவரைக் கவிழ்த்துவிடும். தேர்ந்தவருக்கோ சட்டெனத் திரும்பிக் கொடுக்கும்.

பொத்துவில் இளைஞர் சிலர் இதில் வல்லவர். எங்கள் கல்முனைப் பக்கத்திலோ, “அது வெள்ளைக்காரன் விளையாட்டு” என்ற ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவிடுகிறோம். அலை உடையும் இடத்தைக் கணித்துத் தோணியைத் தள்ளும் நம் மீனவர் எந்த நாட்டு வித்தையைச் செய்கிறார்?

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அச்சம் நியாயமானதே. ஆனால், கடற்கரையில் குடியிருந்துகொண்டு பிள்ளைகளுக்கு நீச்சலைக்கூடக் கற்பிக்காதிருப்பது எந்த நியாயம்?

பெண்பிள்ளைகளா என்று கேட்பீர்கள். நாட்டின் முதலாவது பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் 2018இல் அறுகம்குடாவில்தான் உருவானது. உடைதான் தடையென்றால், உடல் முழுவதையும் மூடும் நீச்சலுடைகள் கடைகளில் உள்ளன.

பாடசாலைகள் முதலில் நீச்சலைக் கற்பிக்கட்டும். அடுத்த மே மாதச் சிற்றலையில், தக்க பயிற்றுநரின் துணையோடு, நம் பிள்ளைகளும் தமக்கேற்ற பலகையைத் தேடிப் பார்க்கட்டும்.