துப்பாக்கிக்கு மட்டும் திறக்கட்டும்

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் பிள்ளை வெளிநாடு போவதென்றால் விசாவோடு சேர்ந்து வரும் கவலை பொலிஸ் கிளியரன்ஸ். 16, 17 வயதில் தெருச்சண்டை ஒன்றுக்காகக் கோர்ட் ஏறியவனுக்கு அது இரட்டிப்பு. 1939ஆம் ஆண்டுச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் பாதுகாப்பு பல தசாப்தங்களாக 16 வயதோடு நின்றது. 2018இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி, குற்றப் பொறுப்பின் குறைந்த வயதை 8இலிருந்து 12 ஆக்கினார்கள். 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குப் போதிய முதிர்ச்சி இருந்ததா என்பதை நீதவான் பார்க்க வேண்டும். நல்ல திருத்தம். பிள்ளை வளர்ந்த பிறகும் கூடவே வரும் பொலிஸ் கோப்பைப் பற்றியும் அதே அக்கறையோடு பேச வேண்டும். அந்தக் கோப்பை எப்போது திறக்கலாம் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே 2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டியில் 18 வயது இளைஞன் பள்ளிப் பிள்ளைகளைச் சுட்டுக்கொன்றான். அடுத்த மாதமே வந்த சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவர் துப்பாக்கி வாங்கும்போது சிறுவயதுப் பதிவுகளையும் தேடச் சொன்னது. அவற்றைக் காட்டுவதில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. துப்பாக்கி கேட்பவனின் பழைய கோப்பைப் புரட்டுவது நியாயம், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. வேலையும் படிப்பும் தேடுபவனுக்கு எதிராக அதே கோப்பை நீட்டுவது அநியாயம். 18 வயதுக்கு முந்திய சிறு குற்றம் கிளியரன்ஸில் வரக்கூடாது என்று நம் பாராளுமன்றம் சட்டத்திலேயே தெளிவாக எழுதட்டும். துப்பாக்கி அனுமதிப்பத்திரத்துக்கு மட்டும் நீதவானின் உத்தரவோடு அந்தக் கோப்பைத் திறக்கலாம்.