மிச்சம் எத்தனை மணி?

சென்னையில் வாழ்வது சிறப்பா, பெங்களூரில் வாழ்வது சிறப்பா? தேநீர்க் கடையிலே இந்தப் பேச்சு, ரயில் பெட்டியிலே இந்தப் பேச்சு, மகனுக்கு வேலை உத்தரவு வந்த வீட்டிலே இரவெல்லாம் இந்தப் பேச்சு! "அங்கே மின்விசிறியே வேண்டாம், அண்ணே!" என்கிறார் ஒருவர். "இங்கே பத்து ரூபாய்ச் சீட்டில் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகிறோம், அங்கே நடக்குமா, தம்பி?" என்று மடக்குகிறார் மற்றவர்.

டில்லி இதற்கு ஒரு தீர்ப்பே எழுதியது. வாழ எளிதான நகரங்கள் எவை என்று 2021 மார்ச்சில் மத்திய அரசு பட்டியல் வெளியிட்டது. பத்து இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 49 நகரங்களில் பெங்களூருக்கு முதலிடம், சென்னைக்கு நான்காவது இடம். புள்ளிகள் போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் என்ன நடந்தது? முதலிடம் பெற்ற நகரத்தில் மூன்று நாள் மழை கொட்டியது. கணினி நிறுவனங்களின் ஊழியர்கள் டிராக்டரில் ஏறி அலுவலகம் போனார்கள்! நான்காம் இடம் பெற்ற நம் நகரம் மட்டும் நனையவில்லையா? 2015 டிசம்பரிலும் மூழ்கியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூழ்கியது. பட்டியல் காகிதத்தில் இருந்தது, பாட்டாளி தண்ணீரில் இருந்தான்.

ஆகவே அந்தப் பட்டியலைப் பக்குவமாக மடித்து வைத்துவிட்டு, நாம் வேறொரு கோலால் அளப்போம். அந்தக் கோல் புதியதல்ல. 1923ஆம் ஆண்டு மே முதல் நாள் சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினாரே, அந்த நாளின் கோல். எட்டு மணி உழைப்பு, எட்டு மணி உறக்கம், எட்டு மணி மனிதனாக வாழ்வதற்கு! பிள்ளையோடு பேச, பத்திரிகை படிக்க, கூட்டத்துக்குப் போக, மனைவியின் முகம் பார்க்க அந்த மூன்றாவது எட்டு மணி. அதில் எத்தனை மணியை ஒரு நகரம் தொழிலாளிக்கு விட்டுவைக்கிறது? அதுதான் நம் கேள்வி. மாளிகையின் உயரம் அல்ல, மிச்சத்தின் அளவு!

முதலில் காற்று. இதிலே வழக்கே வேண்டாம், பெங்களூருக்கே வெற்றி! கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்த ஊர். சென்னையிலோ மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தகரக் கூரையின் கீழே படுத்தவனுக்கு உறக்கம் ஏது? உறக்கத்துக்கான எட்டு மணியிலேயே சென்னை கை வைக்கிறது. ஒப்புக்கொள்கிறோம்.

அடுத்து தண்ணீர். அந்த 900 மீட்டர் உயரத்துக்குக் கணக்குத் தீர்க்கும் இடம் இது. மேட்டிலே அமர்ந்த நகரத்துக்கு அருகிலே பேராறு இல்லை. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்குக் காவிரி நீரை இறைத்து ஏற்றுகிறார்கள். 1974இல் முதல் கட்டம் வந்தது. ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் வந்தது. அதற்குள் நகரம் நாற்புறமும் வளர்ந்து, குழாய் போகாத இடமெல்லாம் ஆழ்துளைக் கிணற்றை நம்பியது. 2024 மார்ச்சில் அரசின் ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழப் பாதி வறண்டன. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். கார் உள்ளவனுக்குக் கழுவுகிற கவலை, குடம் உள்ளவளுக்குக் குடிக்கிற கவலை!

சென்னை சிரிக்கலாமா? கூடாது! 2019ஆம் ஆண்டு கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் நாவறண்டு கிடந்தன. ஜூலையிலே ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேறி வந்தது தண்ணீர், ஒரு ரயிலுக்கு 25 இலட்சம் லிட்டர். இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து 2004 முதல் குழாய் வழியே வரும் வீராணத்து நீரும் காவிரி வழி வந்த நீரே. நதிநீர் என்றால் இரண்டு நகரமும் எதிரெதிர் அணி என்று காட்டுகிறார்களே, அங்கேயும் இங்கேயும் தொழிலாளி வீட்டுக் குடத்தில் இருப்பது ஒரே ஆறு!

ஏரிகளைத் தின்றதிலும் இருவரும் உடன்பிறப்புகளே. தர்மாம்புதி ஏரியின் மேல் பெங்களூரின் மெஜஸ்டிக் பேருந்து நிலையம், மாம்பலம் நெடும் ஏரியின் மேல் நம் தியாகராய நகர். மிஞ்சிய பெல்லந்தூர் ஏரியில் சாக்கடையைச் சேர்த்தார்கள். 2017இலும் 2018இலும் தண்ணீரே தீப்பிடித்து எரிந்த கொடுமையை உலகம் பார்த்தது. ஏரி போனால் யாருக்கு நட்டம்? பணம் உள்ளவன் லாரியை அழைப்பான். இல்லாதவள் குடத்தோடு நிற்பாள். அவள் நிற்கும் ஒவ்வொரு மணியும் அந்த மூன்றாவது எட்டிலிருந்து திருடப்பட்ட மணி.

மூன்றாவதாகப் பயணம். இதிலே நாம் நெஞ்சை நிமிர்த்தலாம். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. விடியுமுன் எழுந்து வரும் கட்டடத் தொழிலாளிக்கும், மீன்கூடைக்காரிக்கும், அச்சகத் தோழனுக்கும் அந்த ரயில் வெறும் வண்டியல்ல, வாழ்க்கை! பெங்களூருக்கு அப்படியொரு புறநகர் ரயில் வாய்க்கவில்லை. 2020இல் திட்டத்துக்கு ஒப்புதல், 2022இல் அடிக்கல்! ஆண்டுகள் உருண்டன, சக்கரம் உருளவில்லை. மெட்ரோ உண்டே என்பார்கள். 2011 முதல் உண்டு, மறுக்கவில்லை. 2025 பிப்ரவரியில் அதன் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாய்க்குத் தாவியது. அதற்கு முந்தைய மாதம் பேருந்துக் கட்டணமும் 15 விழுக்காடு ஏறியது. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து இங்கே 2021இல் வந்தது, அங்கே 2023இல் வந்தது. இரண்டும் நல்லவை. பயணத்தில் சென்னை முந்துகிறது என்று எழுதிக்கொள்வோம்.

ஆனால் தோழர்களே, நான்காவது கணக்குக்கு வரும்போது நெஞ்சு நிமிரவில்லை, தலை தாழ்கிறது. அது வீடு!

பின்னி கம்பெனியின் ஆலை சென்னையிலும் இருந்தது, பெங்களூரிலும் இருந்தது. பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் சங்கு ஊதினால் நடந்தே வேலைக்குப் போனார்கள். பெங்களூரிலோ ஆலையின் பெயரையே பேட்டைக்கு வைத்தார்கள், பின்னிப்பேட்டை! 1918இல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாம் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்ததே அந்தப் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களால்தான். பெரம்பூர் ஆலை 1996இல் மூடப்பட்டது. இன்று இரண்டு ஊரிலும் அந்த நிலத்திலே அடுக்குமாடிகள். பாட்டன் நூல் நூற்ற மண்ணிலே பேரன் காவல்காரனாக நிற்கலாம், குடியிருக்க முடியாது!

பேரன் எங்கே குடியிருக்கிறான்? 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றுக் கரையிலும் கூவத்தின் கரையிலும் இருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றிச் சென்றார்கள். நகரின் நடுவிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால்! வீடு கல்வீடுதான், மறுக்கவில்லை. ஆனால் நான்கு வீட்டில் பாத்திரம் துலக்கி மகளைப் படிக்கவைத்த தாய், அந்த நான்கு வீட்டுக்கும் எப்படி விடியுமுன் வந்து சேர்வாள்? கூரையைக் கொடுத்துக் கூலியைப் பறித்தால் அதற்குப் பெயர் மறுவாழ்வா? பெங்களூரில் நிலை வேறா? வானளாவிய கோபுரங்களைக் கட்டும் கைகள், அவற்றின் நிழலிலேயே நீலத் தார்ப்பாய்க் கொட்டகையில் முடங்குகின்றன. கட்டடம் எழுந்ததும் கொட்டகை நகரும். ஓரிடத்திலே விரட்டல், ஓரிடத்திலே விட்டுவிடல். நம் ஊர் என்பதற்காக இந்தக் குற்றத்தை நாம் மூடி மறைக்கப் போவதில்லை.

கடைசியாக உழைப்பு. 2023 பிப்ரவரியில் நாளுக்குப் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைக் கர்நாடகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஏப்ரலில் அதே வழியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலும் ஒரு மசோதா நிறைவேறியது. இங்கே தொழிற்சங்கங்கள், கட்சி வேறுபாடின்றி, ஒரே குரலில் எழுந்தன. நான்கே நாளில் நிறுத்திவைப்பு, மே தினத்தன்று திரும்பப் பெறும் அறிவிப்பு! சிங்காரவேலர் கொடியேற்றி அன்றோடு சரியாக நூறு ஆண்டு.

அதற்காகப் பெங்களூர்த் தொழிலாளியைக் கோழை என்று எண்ணிவிடாதீர்கள். 2016 பிப்ரவரியில் வருங்கால வைப்பு நிதிப் பணத்தை 58 வயதுவரை முழுமையாக எடுக்க முடியாதபடி மத்திய அரசு விதி செய்தது. பெரிய தலைவர்கள் யாரும் அழைக்கவில்லை. ஏப்ரலில் ஆயத்த ஆடை ஆலைகளின் பெண்கள் ஆயிரமாயிரமாய் ஓசூர்ச் சாலையிலும் பீனியாவிலும் இறங்கினார்கள். இரண்டாம் நாளே விதியைத் திரும்பப் பெற்றது டில்லி! தையல் ஊசி பிடித்த கை, ஆட்சியின் கையைத் திருப்பியது.

இப்போது தீர்ப்பு என்ன? காற்றில் பெங்களூர், ரயிலில் சென்னை, தண்ணீரில் இரண்டுக்கும் தள்ளாட்டம், வீட்டில் இரண்டுக்கும் தோல்வி. வேலை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் யோசிக்கும் இளைஞனுக்கு நாம் சொல்வது இதுதான். தம்பி, சம்பளத்தை மட்டும் பார்க்காதே. வேலை எத்தனை மணி, வழியிலே எத்தனை மணி, குடத்தோடு எத்தனை மணி என்று கூட்டிப் பார். இருபத்து நான்கிலிருந்து கழித்துப் பார். மிச்சம்தான் உன் வாழ்வு, மற்றதெல்லாம் வாடகைக்கு விட்ட உடல். எங்கே மிச்சம் கூடுதலோ அங்கே போ. எங்கே போனாலும் முதல் சம்பளத்தோடு சங்கத்தில் சேர். ஏனென்றால் மேலே கண்ட கணக்கிலே, காற்றைத் தவிர, எதுவும் இயற்கை தந்ததல்ல. ரயிலும் மனிதன் போட்டது, ஏரியைத் தூர்த்ததும் மனிதன், பன்னிரண்டு மணியை எழுதியதும் மனிதன், அதை அழித்ததும் மனிதன்!

வாழத் தகுந்த நகரம் வரைபடத்திலே இல்லை, தோழர்களே. கூடி நின்று கேட்கிற இடத்தில்தான் அது உருவாகிறது!