உருமாறும் ஆடியும் மணவாளக்குறிச்சி மணலும்

தகவமை ஒளியியலில் பயன்படும் உருமாறும் ஆடி, மெல்லிய ஆடித்தகடும் அதன் முதுகில் வரிசையாக நிற்கும் நுண் இயக்கிகளும் சேர்ந்தது. வளிமண்டலக் கொந்தளிப்பில் கசங்கி வரும் ஒளியலையை உணரி அளக்கிறது. இயக்கிகள் தகட்டைச் சில மைக்ரோமீட்டர் தள்ளியும் இழுத்தும் அந்தக் கசங்கலை நொடிக்குப் பல நூறு தடவை நீக்குகின்றன. கசங்கலை அளந்து அவ்வப்போதே நீக்கலாம் என்ற அடிப்படைக் கருத்தை 1953-இல் ஹொரேஸ் பாப்காக் முன்வைத்தார்.

இயக்கிகளில் முதன்மையானவை மூன்று வகை. பி.இசட்.டி. எனப்படும் ஈய சிர்கோனேட் டைட்டனேட் பீங்கானை மெல்லிய அடுக்குகளாக்கிச் செய்யும் பீசோ இயக்கி விறைப்பும் விரைவும் உடையது. அதன் குறை தயக்கம்: ஒரே மின்னழுத்தத்தில், ஏறும்போது ஒரு நீளம், இறங்கும்போது இன்னொன்று. வேறுபாடு 10 முதல் 15 சதவீதம் வரை போகும். குளிரில் நீட்சியும் குறையும். முப்பது மீட்டர் தொலைநோக்கிக்கான தகவமைப்புக் கருவி மைனஸ் 30 டிகிரி செல்சியஸில் இயங்க வேண்டும் என்பதால் இது பெரிய கேள்வி. இரண்டாவது வகை வாய்ஸ் காயில். காந்தவிசையால் தொடாமலே தள்ளும். சிலியிலுள்ள வி.எல்.டி. தொலைநோக்கியின் உருமாறும் துணை ஆடியில் இவை 1,170. மூன்றாவது, நிலைமின் விசையால் இயங்குவது. உதய்ப்பூர் சூரிய ஆய்வகத்தின் முன்மாதிரி அமைப்பில் இருந்த 37 இயக்கிகள் கொண்ட சவ்வு ஆடி இவ்வகையே.

முதல் இரு வகைக்கும் வேண்டிய மூலப்பொருள்கள் சில கன்னியாகுமரிக் கடற்கரையில் கிடக்கின்றன. மணவாளக்குறிச்சியில் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் பிரித்தெடுக்கும் சிர்க்கானில் சிர்கோனியமும், இல்மனைட், ரூட்டைலில் டைட்டானியமும் உண்டு. 1909-இல் இங்கே அடையாளம் காணப்பட்ட மோனசைட்டில், வாய்ஸ் காயிலின் வலுவான காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம் உண்டு.

மணலிலிருந்து இயக்கி வரையுள்ள வழி நீளமானது. சிறிதளவு இரும்பு கலந்தாலும் பீங்கானின் பண்பு மாறும். சூளையில் சுடும்போது ஈய ஆக்சைடு ஆவியாகும். மூடிய கலத்தில் சுட்டு, அந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டும். பிறகு மின்முனை பதித்து, உயர் மின்புலத்தில் துருவப்படுத்த வேண்டும். பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகம் பல்லடுக்கு பி.இசட்.டி. இயக்கிகளைச் செய்து காட்டியிருக்கிறது.

ஓர் இயக்கி நன்றாக அமைவது போதாது. ஆடிக்கு வேண்டியவை ஒன்றுபோல் நடக்கும் நூற்றுக்கணக்கானவை. ஒன்று செயலிழந்தாலும் சுற்றியுள்ள பகுதி கெடும். ஆகவே ஆய்வுக்குழுக்கள் அதிகபட்ச நீட்சியோடு நிறுத்திவிடாமல், தயக்கம், வெப்பநிலைச் சார்பு, சுழற்சி ஆயுள், இயக்கிக்கு இயக்கி உள்ள வேறுபாடு ஆகியவற்றையும் அளந்து வெளியிட வேண்டும்.