படர்தாமரையை மறைக்காதீர்கள்



கூச்சப்பட்டு யாரும் பேசாத ஒன்றைப் பற்றி இன்று எழுதுகிறேன். படர்தாமரை வந்தவரைப் பார்த்து, "சரியாகக் குளிக்க மாட்டார் போல" என்கிறோம். இது சரியல்ல. தினம் இரண்டு வேளை குளிப்பவருக்கும் அது வரும்.

அது ஒரு பூஞ்சை. தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதம்தான் அதற்குச் சாப்பாடு. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் படர்ந்துவிடும். இறுக்கமான ஜீன்ஸ், பாவாடை நாடா இறுக்கும் இடுப்பு, அரைகுறையாகக் காய்ந்த உள்ளாடை எல்லாம் அதற்கு வசதி. சர்க்கரை நோய் இருந்தால் எளிதில் தொற்றும். ஒரே துண்டை நான்கு பேர் துடைத்தால் வீட்டுக்கே பரவும்.

ஆனால் இன்று இந்த நோய் பிடிவாதமாகிப் போனதற்கு நம் கூச்சமும் ஒரு காரணம் என்பேன். டாக்டரிடம் காட்ட வெட்கப்பட்டு, மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒரு ஆயின்ட்மென்ட்" என்று கேட்கிறோம். கிடைப்பது பல நேரம் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். பூஞ்சையோ அடங்காமல் உள்ளே பரவும். என் பழைய மாணவி ஒருத்தி எட்டு மாதம் அப்படித் தடவினாள். தொடையில் தோல் மெலிந்து கோடு கோடாகிவிட்டது. படர்தாமரை ஆறிவிட்டது, கோடுகள் போகவில்லை.

பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு சொல்லிவிட்டது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. வழக்கமான மருந்துக்கு மசியாத ஒரு பூஞ்சைக்கு 2020-இல் ஜப்பான் ஆய்வாளர்கள் வைத்த பெயரிலேயே 'இந்தோ' இருக்கிறது: டிரைக்கோபைட்டன் இந்தோடினியே. நாம் பெருமைப்படும் விஷயமா இது?

ஆகவே தோல் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சொன்ன நாள் வரை மருந்தை நிறுத்தாதீர்கள்; தடம் மறைந்ததும் நோய் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ அத்தனை பேரும் ஒன்றாக வைத்தியம் பாருங்கள். ஆளுக்கொரு துண்டு வையுங்கள். துணியை உட்புறம் திருப்பி வெயிலில் காய வையுங்கள்.

முக்கியமாக, வயசுக்கு வந்த பிள்ளைகளிடம் நீங்களே கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.