உப்பு புகுந்த ஃபியோர்டு
ஃபியோர்டு என்றதும் செங்குத்துப் பாறையையும் அருவியையும் தேடி டென்மார்க்கின் லோக்ஸ்டோருக்குப் போகிறவர் ஏமாந்துதான் போவார். லிம்ஃபியோர்டு கரையெல்லாம் தட்டை. கப்பல் தரைதட்டுகிற மணல்திட்டு வேறு. அந்தத் திட்டைச் சுற்றிப்போக 1861-இல் ஏழாம் ஃபிரெடரிக் மன்னர் பெயரில் ஒரு கால்வாய் திறந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்ட அதிகாரியின் வீடுதான் இன்று லிம்ஃபியோர்டு அருங்காட்சியகம். பிறகு திட்டின் ஊடாகவே வழி தோண்டியாயிற்று, சுற்றுவழி எதற்கு? 1913-இல் மூடிவிட்டார்கள். ஆனால், அந்த வட்டாரத்தின் பெரிய கதை 1825 புயல். அக்கர் மணல்மேட்டை உடைத்துக்கொண்டு வடகடல் உள்ளே வர, நன்னீர் மீன்கள் மடிந்தன. அவற்றை நம்பியிருந்த மீனவர் பிழைப்பில் மண். கால் நூற்றாண்டு கழித்து அதே உப்புநீரில் ஆளிச் சிப்பி விளைந்திருப்பது தெரியவந்தது. விட்டார்களா? சிப்பி எடுக்கும் உரிமை அரசுக்கே என்ற 1587-ஆம் ஆண்டுச் சட்டம் தயாராக இருந்தது.