நகரும் கோழிக்கூடு: இடமும் தீனியும்

கரிசற் காட்டில் ஆட்டுக்கிடை அமர்த்துவதன் பயனை நம் குடியானவர்களுக்கு எவரும் போதிக்க வேண்டுவதில்லை. ஓரிரவு கிடை கிடந்த நிலம் எருப்பெறுகிறது. மறுநாள் கிடை அடுத்த இடத்திற்குப் பெயர்கிறது. அவ்வாறே கோழியைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரமும் நம் இல்லங்களில் தொன்றுதொட்டு இருந்து வருவதே. கிடையின் தத்துவத்தையும் பஞ்சாரத்தின் பாதுகாப்பையும் ஒன்றாகச் சேர்த்தால் அதுவே நகரும் கோழிக்கூடு. ஆதலின் இஃது நமக்கு முற்றிலும் நூதனமான பொருளன்று.

எனினும், இத்தகைய கூடு செய்து வைத்த பலர் சில மாதங்களில் அதனை விறகாக்கி விடுகின்றனர். காரணம் யாதெனின், "இக்கூட்டில் எத்தனை கோழி அடங்கும்?" என்று கேட்கிறார்களேயன்றி, "இதில் எத்தனை கோழி ஒரே சமயத்தில் தின்னவும் குடிக்கவும் கூடும்?" என்று கேட்பதில்லை. இரண்டாவது கேள்வியே முதன்மையானது என்பது என் அபிப்பிராயம்.

இதனை நான் புத்தகத்தில் கற்கவில்லை. ஒரு தவற்றினால் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் சிவகாசியை அடுத்த ஒரு சிற்றூரில், பட்டாசு ஆலைக்கு வேலைக்குச் செல்லும் ஒரு குடும்பத்தாருக்கு ஆறடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள கூடு ஒன்று செய்து கொள்ளச் சொன்னேன். பன்னிரண்டு கோழிகள், கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி, கணக்கு சரியென்று எண்ணினேன். தீனித்தொட்டி ஓரடி நீளமே இருந்தது. தண்ணீருக்கு ஒரு சிறு சட்டி. சித்திரை மாதத்து ஒரு நாள், விடியலில் வேலைக்குப் போனவர்கள் அந்தியில் திரும்பியபோது சட்டி கவிழ்ந்து கிடந்தது. நான்கு கோழிகள் மாண்டிருந்தன. மாண்டவை யாவும், வலிய கோழிகளால் தொட்டியை விட்டு விரட்டப்பட்டு முன்னரே மெலிந்திருந்தவை. அவ்வீட்டம்மாள் என்னைக் குறை கூறவில்லை. ஆனால் குற்றம் அவர்களுடையதன்று. தரையை அளந்து தொட்டியை அளக்க மறந்த என்னுடையதே.

இப்போது நான் சிபாரிசு செய்யும் அளவு பின்வருமாறு. கூட்டின் நீளம் பத்தடி, அகலம் நான்கடி, ஆக நாற்பது சதுர அடி. இதில் பத்துக் கோழிகளுக்கு மேல் வைத்தல் ஆகாது. ஒரு முனையில் மூன்றடி தூரம் மேலும் பக்கமும் அடைத்து இரவில் அடையும் அறையாக்குக. அதன் தளத்தை ஒன்றரை அடி உயர்த்தி, எச்சம் கீழே விழுமாறு இடைவெளிவிட்டுச் சட்டங்களை அடிக்க வேண்டும். எஞ்சிய ஏழடியும் கம்பிவலை சூழ்ந்த, தரையில்லாத ஓட்டவெளி. கோழி ஒன்று அமர எட்டு அங்குலம் வேண்டுமாதலால், பத்துக்கு எண்பது அங்குலம். அகலவாட்டில் ஒரே உயரத்தில் இரண்டு கழிகள் இட்டால் போதும். ஒன்றை உயர்த்தினால் யாவும் அதற்கே சண்டையிடும். முட்டையிட ஐந்து பெட்டைகளுக்கு ஒன்று வீதம், ஓரடிச் சதுரமான இரு பெட்டிகளை வெளிப்புறத்தில் இணைத்தால் உள்ளிடம் குறையாது.

இனித் தீனி. வளர்ந்த கோழிக்குத் தொட்டியில் நான்கு அங்குல நீளம் வேண்டும். இரண்டடித் தொட்டியை இருபுறமும் நின்று தின்னும்படி நடுவில் வைத்தால் நாற்பத்தெட்டு அங்குலம் கிடைக்கும். பத்துக் கோழிகளும் ஒருங்கே தின்னலாம். மெலிந்தது ஒதுங்கி நிற்க வேண்டுவதில்லை. தொட்டியின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்திற்கு இருக்க வேண்டும். தொட்டியில் மூன்றிலொரு பங்கு மட்டுமே நிரப்புக. நிறைய நிரப்பினால் கோழி அலகால் வாரி இறைத்துவிடும்.

வெளியில் மேயும் கோழிக்குக் கைத்தீனி சிறிது போதும். கூட்டில் அடைபட்ட கோழியின் நிலைமை வேறு. நம் ஜில்லாவில் கோடையில் தரையில் புல்லும் இல்லை, புழுவும் இல்லை. எனவே நாளொன்றுக்குக் கோழிக்கு 80 முதல் 100 கிராம் வரை, பத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ, கொடுத்தே ஆக வேண்டும். உடைத்த கம்பு, சோளம் அல்லது மக்காச்சோளம் பாதி. எஞ்சியதில் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் பெரும்பங்கு. உப்பில்லாத கருவாட்டுத்தூளும் தாது உப்புக் கலவையும் சிறிது. பூசணம் பிடித்த பிண்ணாக்கு நஞ்சாகும்; மலிவென்று வாங்கற்க. கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் முட்டையிடும் பெட்டை தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும்.

தண்ணீரே தலையாயது. கோழி தின்பதைப் போல் இருமடங்கு குடிக்கும். வெயிற்காலத்தில் அதனினும் மிகுதி. பகல் முழுவதும் ஆளில்லாத வீட்டில் ஐந்து லிட்டருக்குக் குறையாமல் வைக்க வேண்டும். அதுவும் ஒரே பாத்திரத்தில் அன்று, இரண்டில். விளிம்பருகே துளையிட்ட மண்பானையில் நீர் நிரப்பி, துளை மூழ்கும் ஆழமுள்ள மண்தட்டின்மேல் கவிழ்த்தால், குடிக்கக் குடிக்க நீர் ஊறி வரும், குளிர்ச்சியாயும் இருக்கும், எளிதில் சாயாது.

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தார்க்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. ஆலைகளில் மருந்து வந்த சாக்குகளை நிழலுக்கோ தீனிக்கோ பயன்படுத்தற்க. ரசாயனத் தகரங்களைத் தண்ணீர்ப் பாத்திரமாக்கற்க. கழிவுக் காகிதக் குழாய்களைக் கூட்டிற் பரப்பற்க. வேலை முடிந்து வந்தவர்கள் கைகால் கழுவி, உடை மாற்றிய பின்னரே தீனியைத் தொடுக. கோழி தின்பது முட்டை வழியே நம் குழந்தைகளிடம் வருகிறது.

நகர்த்துவதிலும் முறை உண்டு. நாளுக்கு ஒரு கூட்டளவு நகர்த்தினால் மாதத்தில் 1,200 சதுர அடி, அதாவது ஏறக்குறைய மூன்று சென்ட் நிலம், எருப்பெறும். கோடையில் காலையிலேயே கூட்டை வேம்பின் நிழலுக்குத் தள்ளிவிட்டுச் செல்லலாம். நிலையான கொட்டகைக்கு இந்த அனுகூலம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் சேறாகிச் சக்கரத்தை விழுங்கும். அக்காலத்தில் கூட்டை மேடான செவற்பாங்கில் நிறுத்தி, நாலைந்து அடியேனும் இடம் மாற்றுக. கூரைக்குப் பனையோலை குளிர்ச்சி தரும்; ஆயினும் பொறி பறக்கும் தீபாவளி நாட்களில் அதனை நீக்கித் தகரமிடுதல் நன்று.

ஐம்பது கோழிக்கு ஒரே பெருங்கூடு செய்தால் என்ன என்று சிலர் கேட்கின்றனர். செய்யலாம், ஆனால் அதனை நகர்த்த நான்கு ஆடவர் வேண்டும். நகர்த்த ஆளில்லாத கூடு ஒரே இடத்தில் நிற்கும். நின்ற இடத்தில் எச்சம் குவியும். குவிந்த இடத்தில் நோய் புகும். பழைய சைக்கிள் சக்கரம் பூட்டி, இரண்டு பெண்மக்கள் தள்ளக்கூடிய சிறு கூடே நம் வீடுகளுக்கு ஏற்றது. கோழி பெருகினால் கூட்டை நீட்டாமல் இன்னொரு கூடு செய்க. வெள்ளைக் கழிச்சலுக்கு உரிய காலத்தில் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர்க்கு எந்தக் கூடும் காவலாகாது என்பதையும் சொல்ல வேண்டும்.

2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பட்டாசில் பேரிய உப்புக்களைத் தடுத்த பின்னர், இங்குள்ள ஆலைகள் சில மாதங்கள் மூடிக் கிடந்ததைப் பலரும் அறிவர். அத்தகைய காலங்களில் ஒரு குடும்பத்தைப் பத்துக் கோழிகள் முழுவதும் தாங்கிவிடும் என்று நான் சொல்லத் துணியேன். ஆனால் அடுப்படிக்கு முட்டையும், அவசரத்திற்கு விற்க ஒரு சேவலும் இருப்பது கடனுக்குக் கைநீட்டுவதிலும் மேலானது. ஆதலால் அன்பர்களே, கூடு செய்யுமுன் தச்சரிடம் தரையின் அளவைச் சொல்வதோடு தொட்டியின் அளவையும், பானையின் அளவையும் சொல்லுங்கள். முதலில் ஒரு கூடு செய்து ஓராண்டு பரீட்சித்து, அதன் பலாபலனை அண்டை அயலாருக்கும் எடுத்துரைப்பீர்களாக.