வினாவும் துணிவும்

தொழில் நிகழும் இடத்தில் இடர் தோன்றுதல் இயல்பு. இது செய்க, இது தவிர்க என ஆராய்ந்து துணிவது மேலாளர் கடமை. அத்துணிவு அவர்தம் அறிவினால் மட்டும் அமைவதன்று. தம்கீழ்ப் பணிபுரிவோரிடம் அவர் எவ்வினாவைத் தொடுக்கின்றார் என்பதனாலேயே பெரிதும் அமைகின்றது என்பது என் கருத்து.

1986ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27ஆம் நாள் இரவு அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த உரையாடல் ஒன்றைக் காண்போம். மறுநாட் காலை 'சாலஞ்சர்' என்னும் விண்ணோடம் எழுவதாக இருந்தது. அதனை உந்தும் இராக்கெட்டுகளைச் செய்தளித்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசி வாயிலாக அதனைத் தடுத்தனர். இராக்கெட்டின் பகுதிகள் இணையுமிடத்தில் நெருப்பு வெளிப்படாதவாறு அடைத்து நிற்பன ரப்பர் வளையங்கள். குளிரில் அவை இறுகிவிடும். வெப்பநிலை 53 பாரன்ஹீட் பாகைக்குக் குறையின் செலுத்தலாகாது என்றனர்.

பயணம் முன்னரே பலமுறை தள்ளிவைக்கப்பட்டிருந்தது. ஆதலின் நாசா அதிகாரிகளுக்கு அவ்வுரை உவப்பாயில்லை. பொறியாளர் காட்டிய சான்றும் முழுமையுடையதன்று என்பதை நாம் ஒப்புதல் வேண்டும். வெப்பமான நாளொன்றிலும் வளையத்தில் கசிவு நேர்ந்ததுண்டு. அந்நிலையில், 'செலுத்துதல் பாதுகாப்பானது என்று காட்டுக' என்றன்றோ கேட்டிருத்தல் வேண்டும்? அவ்விரவிலோ, 'பாதுகாப்பற்றது என்று நிறுவுக' என்னும் சுமை பொறியாளர் தலைமேல் ஏறிற்று. ஐயத்தை நிறுவ இயலுமோ? நிறுவியபின் அஃது ஐயமாகுமோ?

நிறுவனத்தார் தனித்து ஆராய இடைவேளை பெற்றனர். அரசற்கு இடித்துரைக்கும் துணை வேண்டுமென வள்ளுவர் வற்புறுத்தியதை மாணவர் கற்றிருப்பர். அத்துணை அங்கு இல்லாமலில்லை. ரோசர் பாய்சோலி முதலிய பொறியாளர் மீண்டும் இடித்துரைத்தனர். ஆயினும் இறுதியில் கருத்துக் கேட்கப்பட்டோர் மேலாளர் நால்வரே. அந்நால்வருள் ஒருவர் முதலில் பொறியாளர் பக்கம் நின்றவர். பொறியாளராகவன்றி மேலாளராக எண்ணுமாறு பணிக்கப்பட்டபின் அவரும் இசைந்தார்.

மறுநாள், எழுந்த 73ஆம் வினாடியில் விண்ணோடம் சிதைந்தது. எழுவர் மாண்டனர். அவருள் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்னும் பள்ளியாசிரியை. விண்ணிலிருந்து மாணவர்க்குப் பாடம் நடத்தச் சென்றவர். பள்ளிச் சிறுவர் பலர் தொலைக்காட்சியில் அதனைக் கண்டுகொண்டிருந்தனர்.

பின்னர் நிகழ்ந்த விசாரணையில், ரிச்சர்டு ஃபைன்மன் என்னும் இயற்பியல் அறிஞர் அவ்வளையத்தின் துண்டொன்றை நெருக்கிப் பிடித்துப் பனிக்கட்டி நீரில் இட்டு எடுத்துக் காட்டினார். அது தன் பழைய வடிவிற்கு உடனே மீளவில்லை.

குளிர் தணியும்வரை பொறுக்க இசையாதவர், அடுத்த விண்ணோடத்தைச் செலுத்த 1988ஆம் ஆண்டு செப்டம்பர் வரை பொறுக்க வேண்டியதாயிற்று.